அமுக்கினால் மட்டும் கண்டென்ஸ்டு ஆகிவிடாது

போஸ்டர் தலைப்பு என்றால் என் கை முதலில் போவது போல்ட் கண்டென்ஸ்டு ஸ்லாப் செரிஃப் எழுத்துரு பக்கம்தான். ஒடுங்கிய அகலத்தில் (அதுதான் கண்டென்ஸ்டு) நெடுநெடுவென்று நிற்கும். தலையிலும் காலிலும் தட்டையான பட்டைகள், அதுதான் ஸ்லாப் செரிஃப். நீளமான வார்த்தைகூட ஒரே வரியில் அடங்கும், தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

அகலமான ஸ்லாப் ஒன்றை எடுத்து, மென்பொருளில் 60 சதவீதத்துக்கு அமுக்கி, இதுதான் கண்டென்ஸ்டு என்று வைத்துவிடுகிறார்கள். பார்த்தாலே எனக்கு மனசு ஆறாது. அமுக்கும்போது செங்குத்துத் தண்டுகள்தான் மெலிகின்றன, பட்டைகளின் தடிமன் அப்படியே நிற்கிறது. குச்சிக் காலில் பெரிய பூட்ஸ் மாட்டிய மாதிரி ஆகிவிடுகிறது. 1821இல் காஸ்லன் எழுத்து வார்ப்பகம் காட்டிய ‘இத்தாலியன்’ எழுத்தில் தண்டைவிடப் பட்டைதான் தடிமன். ஆனால் அது வேண்டுமென்றே, வளைவு வளைவாக யோசித்து வரைந்தது.

உண்மையான கண்டென்ஸ்டை அந்த அகலத்துக்கென்றே வரைகிறார்கள். புதிதாக ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் தட்டிப் பார்ப்பது ஆங்கிலச் சின்ன ‘எம்’. மூன்று தண்டு, நடுவில் இரண்டே இரண்டு வெள்ளைச் சந்து. காலடிப் பட்டைகளை முழு நீளத்துக்கு விட்டால் சந்து அடைத்துக்கொள்ளும். நல்ல வடிவமைப்பாளர் உள்பக்கப் பட்டைகளை நறுக்கிவிடுவார், சிலர் எடுத்தே விடுவார்கள். அடுத்தது ‘எஸ்’. மேலே, நடுவே, கீழே என்று மூன்று கிடைக்கோடுகள் அடுக்கி வர வேண்டும், அதனால் அவற்றைத் தண்டைவிட மெல்லிசாக வரைய வேண்டியிருக்கிறது. ‘ஓ’வின் பக்கங்கள் வளைவை விட்டு நேராகிவிடும். இத்தனையும் கருப்புக்கு நடுவே வெள்ளையைக் காப்பாற்றத்தான். அந்த வெள்ளை போனால் வார்த்தை வெறும் கருப்புப் பாளம்.

ஸ்லாப் 1810களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸின் ‘ஆன்டிக்’ எழுத்தோடு அச்சுக்கு வந்தது. பெரிய அளவில் ஈயத்தில் வார்த்தால் கனமும் செலவும் அதிகம், அதனால் மரத்துக்குப் போனார்கள். 1828இல் டேரியஸ் வெல்ஸ் அமெரிக்காவில் மர எழுத்துகளுக்கு மாதிரிப் புத்தகம் போட்டார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் பேன்டோகிராஃபை, அதாவது ஒரு வடிவத்தைத் தடம் பிடித்து வேறு அளவில் நகலெடுக்கும் கருவியை, சேர்த்தார். பிறகு ஒரே அச்சுருவை வைத்துப் பல அளவுகளில் வெட்ட முடிந்தது. விளம்பரத் தாள்களில் ஒல்லி எழுத்துகள் குவிந்ததற்கு இந்த மரம்தான் பெரிய காரணம் என்பேன்.

இடைவெளியில் ஒரு விஷயம்: பக்கத்துப் பட்டைகள் கிட்டத்தட்ட ஒட்டும் அளவுக்கு நெருக்குங்கள், ஆனால் ஒட்ட விடாதீர்கள். 36 பாயிண்டு அளவுக்குக் கீழே நான் இந்த எழுத்துருவைத் தொடுவதில்லை. தேதி, நேரம், முகவரிக்கெல்லாம் சாதாரண அகலத்தில் ஒரு சான்ஸ் செரிஃப் (பட்டையில்லாத எழுத்து) போதும்.