ரிப்போர்ட் என் போனுக்கு வந்ததுதான் தப்பு

மூன்று வாரம் வீணாகப் போனது. மகளின் மனச்சோர்வுக்கு ஆன்லைன் சிகிச்சையில் பதிவு செய்யும்போது என் போன் நம்பரைக் கொடுத்ததுதான் காரணம். இன்னும் மனசு ஆறவில்லை.

மகள் பிளஸ் ஒன். தூக்கமில்லை, சாப்பாடில்லை, ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று படுத்தே கிடந்தாள். 14416-க்குப் பேசினோம். அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலிமானஸ் என்று பெயர், 2022-லிருந்து இருக்கிறது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். ஒன்பது கேள்வி, மார்க் ஏற ஏற மனச்சோர்வு அதிகம் என்று அர்த்தம். மொத்தம் 27-க்கு மகள் 13. மிதமான மனச்சோர்வு, சிபிடி (பேசிப் பேசியே எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுவது) சிகிச்சை போதும் என்றார் டாக்டர். ஒத்தக்கடையிலிருந்து வாராவாரம் மதுரைக்குள் அலைய முடியாது என்று ஆன்லைனில் சேர்த்தோம். 18 வயது ஆகாததால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆதாரில் இனிஷியல் வேறாக இருக்கிறது என்று அதற்கே நாலு நாள் இழுத்தடித்தார்கள்.

வாரம் ஒரு பாடம், அதே ஒன்பது கேள்வி, வியாழக்கிழமை ஆலோசகரோடு வீடியோ. இரண்டாவது வாரமே மார்க் 2 என்று என் வாட்ஸப்புக்கு வந்தது. "புள்ள தேறிட்டா"ன்னு வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் தட்டில் வைத்த இட்லி அப்படியே இருந்தது. மூன்றாவது வாரம் ஆலோசகர்தான் அவளிடம் கேட்டிருக்கிறார். "எல்லாம் அப்பா போனுக்குப் போகுதே மேடம்" என்றிருக்கிறாள்.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. அப்பா படிப்பார் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை உள்ளதைப் போடும்?

நம்பரை மாற்றச் சொல்லி மூன்று தடவை பேசினேன். "சிஸ்டம் அப்படித்தான் சார்" என்பதே பதில். கடைசியில் ஆலோசகர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவளுக்குத் தனி லாகின் கிடைத்தது. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் எங்களிடம் சொல்வார்கள், மற்றதெல்லாம் அவர்களுக்குள். அடுத்த வாரம் மார்க் ஏறிவிட்டது, பயப்படாதீர்கள், இப்போதுதான் உண்மையைச் சொல்கிறாள் என்றார் ஆலோசகர்.

சேர்ப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்: பிள்ளை எழுதுவதை யார் பார்ப்பார்கள்? வாராவாரம் பேச ஆள் உண்டா, வெறும் வீடியோ பாடம்தானா? ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம். வியாழக்கிழமை ஏழு மணிக்கு நானும் அவள் அம்மாவும் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறோம்.

மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒரு வேலையைச் செய், மனசு பின்னால் வரும் என்பதுதான் இந்தச் சிகிச்சையில் முக்கியம். அவள் தேர்ந்தெடுத்தது யானைமலை அடிவாரம் வரை சைக்கிள். கிளம்பும் முன்பும் வந்த பிறகும் மனநிலைக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும், இதில் ஏறினால் நல்லது. முதல் நாள் நான் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு அவளாகத்தான் சொன்னாள்: "போறப்ப ரெண்டு, வர்றப்ப மூணுப்பா."