நூறாண்டுப் போர்: முடியும் மண்ணும்

1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனிடம் அதை இழந்தனர். எங்கள் கோட்டைவரை வந்த அந்தப் பகையின் பழைய வேர்களைத் தேடினால், 1337இல் தொடங்கி 1453 வரை இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே விட்டுவிட்டு நீடித்த நூறாண்டுப் போரைத் தவிர்க்க முடியாது.

1328இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் சார்ள்ஸ் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவருடைய சகோதரியின் மகனான இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வேர்டை ஒதுக்கிவிட்டு, பிரபுக்கள் சார்ள்ஸின் தந்தைவழி உறவினரான ஆறாம் பிலிப்புக்கு முடிசூட்டினர். ஆயினும் முடியுரிமையைவிட மண்ணுரிமையே ஆழமான காரணம் என்பது என் துணிபு. தென்மேற்குப் பிரான்ஸிலுள்ள கஸ்கனியை ஆண்ட எட்வேர்ட், அந்நிலத்துக்காகப் பிரெஞ்சு மன்னரின் முன் பணிய வேண்டியிருந்தது. 1337இல் பிலிப் அதைப் பறிமுதல் செய்யவே போர் மூண்டது.

1346இல் வட பிரான்ஸின் கிரெசியில் நடந்த சமரில், பிரெஞ்சுத் தரப்பின் குறுக்குவில்லாளர் ஓர் அம்பை ஏற்றுவதற்குள் ஆங்கிலேய நெடுவில்லாளர் பல அம்புகளை எய்தனர். விழுந்த குதிரைகளே பின்னால் வந்த பிரெஞ்சு வீரரின் வழியை மறித்தன. ஆனால் இத்தகைய வெற்றிகளைப் புகழும் வரலாறுகள், சூறையாடப்பட்ட பிரெஞ்சுக் கிராமங்களின் துயரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

போரின் விளைவாகப் பிரெஞ்சு அரசு நிரந்தர வரியையும் நிரந்தரப் படையையும் பெற்று வலுவடைந்தது. பிரான்ஸில் கலே துறைமுகத்தை மட்டுமே தக்கவைத்த இங்கிலாந்து, 1455இல் உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. அந்தக் கலேயும் 1558இல் கைநழுவியது.