டானிக் கேட்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்களில் காய்கறி விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கோடையில் வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும்: “சார், பூசணிப் பிஞ்சு வெம்பி வெம்பி உதிருது, என்ன டானிக் அடிக்கலாம்?” சத்துக் குறைவு, தண்ணீர்க் குறைவு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, காலை ஏழு மணிக்குப் பூவில் தேனீ உட்காருகிறதா என்றுதான். நிறையப் பேர் கொஞ்சம் யோசித்துவிட்டு “முன்ன மாதிரி இல்லீங்க” என்கிறார்கள்.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் கனமாகப் பிசுபிசுவென்று இருக்கும், காற்று அதைத் தூக்காது. விடியும்போது விரிகிற பூ உச்சிவெயிலுக்கு முன்பே மூடிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ பல தடவை வந்து போனால்தான் காய் முழுதாகத் திரளும், இல்லாவிட்டால் பிஞ்சிலேயே உதிரும், தப்பிய பிஞ்சும் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகிவிடும், அதற்குச் சந்தையில் விலை கிடையாது. வெயில் குறிவைப்பது இந்த நேரத்தைத்தான். சூடு ஏறினால் கொடியில் ஆண் பூ பெருகிப் பெண் பூ குறைகிறது, மகரந்தத்தின் வீரியம் சீக்கிரம் போய்விடுகிறது. தேனீக்கோ புழு வளரும் அடையை 35 டிகிரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம். அதனால் பூவை விட்டுவிட்டுக் கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமக்கப் போய்விடுகிறது.

வெயில் மட்டும்தான் காரணம் என்றால் அது உண்மையில்லை. வரப்பில் தும்பைகூட மிஞ்சாமல் களைக்கொல்லி அடிக்கிறோம், மழை தப்பிய வருடத்தில் தேனீக்கு வேறு பூவே கிடைப்பதில்லை, பூ திறந்திருக்கும் காலையிலேயே பூச்சிமருந்தும் தெளிக்கிறோம்.

சரி, மாலையில் அடியுங்கள் என்று சொல்லிவிடலாமா? பூசணிக்கும் பாகலுக்கும் அது பொருந்தும். பீர்க்கும் புடலையும் பொழுது சாயும்போதுதான் பூக்கின்றன, அவற்றுக்கு அந்துப்பூச்சிகள் வர வேண்டும். பாகலும் பீர்க்கும் அடுத்தடுத்த பந்தலில் இருந்தால் எந்த நேரத்தில் அடித்தாலும் யாராவது ஒருவர் காய்க்குக் கேடு. இந்த விவரத்தையெல்லாம் மருந்துப் புட்டி விற்பவர் சொல்வதில்லை, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஓரளவாவது மகரந்தம் கடத்தும் உயிர்களை நம்பி இருப்பதாக 2016இல் பல்லுயிர் குறித்த பன்னாட்டு அமைப்பின் (IPBES) அறிக்கை சொன்னது. நான் நிரப்பும் வயல் படிவத்தில் உரத்துக்கும் மருந்துக்கும் கட்டம் இருக்கிறது, தேனீக்கு இல்லை. பூ திறந்த நேரத்தையும் வந்த பூச்சியையும் ஓரத்தில் எழுதி வைக்கிறேன். பந்தல்காரர்களிடம் இப்போது கேட்டுக்கொள்வது, காயைக் கெடுக்கும் பழ ஈக்கு முதலில் இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வையுங்கள், தெளிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அப்புறமும் தெளித்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்துப் பந்தல்காரரிடம் பேசி நேரத்தை முடிவு செய்யுங்கள் என்பதுதான்.