கழிமுகம் இளையது, அதில் நீந்துவது மூத்தது

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே கிடந்தது. இன்று நாம் கழிமுகம் என்று சொல்லும் இடங்களில் அப்போது ஆறு மட்டும்தான் ஓடியது. பனி உருகி, கடல் ஏறி, இப்போதைய மட்டத்தை நெருங்கியதே சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, உலகத்தின் பெரும்பாலான கழிமுகங்களுக்கு வயது அவ்வளவுதான். ஆனால் அதே கழிமுகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அள்ளினால், அதில் நீந்தும் இரண்டு கோப்பிபாடுகள் (இறால், நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய ஓட்டுடலிகள்) பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இரண்டு கால்வழிகளைச் (மரபுக் கிளைகளைச்) சேர்ந்தவையாக இருக்கலாம். சிறு ஓட்டுடலிகளின் மரபணுப் பன்மையைப் படிக்க வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நீர்நிலையின் வரலாற்றையும் அதில் வாழும் உயிரியின் வரலாற்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டால் இது உடனே தெரியும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓ1 மரபணுவில், கால்வழிகளைப் பிரித்தறிய வழக்கமாகப் படிக்கும் துண்டு 658 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) கொண்டது. பனாமா நிலஇணைப்பு எழுந்து சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருபுறமும் பிரிந்துபோன சொடுக்கு இறால்களை வைத்துக் கணித்த வேகம், இரண்டு கால்வழிகளுக்கு இடையே பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 1.4%. அதன்படி 658 எழுத்துகளில் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சுமார் 9 எழுத்துகள் வேறுபடும். 7,000 ஆண்டுகளில்? 0.06 எழுத்து. குறுகிய காலத்துக்குள் பார்த்தால் மாற்றவேகம் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் கேடான மாற்றங்களை இயற்கைத்தேர்வு இன்னும் களைந்திருக்காது. சரி, பத்து மடங்கு வேகம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு எழுத்து முழுதாக மாறாது. ஆகவே உங்கள் கழிமுகத்தில் இரண்டு உயிரிகளுக்கிடையே 10 எழுத்து வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாடு அந்தக் கழிமுகத்தில் பிறந்தது அல்ல. வேறெங்கோ பிரிந்த இரண்டு வழிகள் இங்கே வந்து கலந்திருக்கின்றன.

இதற்கு நல்ல சான்று யூரிடெமோரா அஃபினிஸ் என்ற கோப்பிபாடு. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான உடல், வட அரைக்கோளத்தின் கழிமுகங்கள் பலவற்றில் வாழ்கிறது, எங்கு பிடித்தாலும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கரோல் லீ என்ற உயிரியலாளர் 1999 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இந்த ஒற்றைப் பெயருக்குள் பல பழைய கால்வழிகள் ஒளிந்திருப்பதைக் காட்டின. அவற்றில் சில இணைகளுக்கு இடையே சிஓ1 வேறுபாடு 15%-ஐயும் தாண்டுகிறது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகம் ஒன்றிலேயே இரண்டு கால்வழிகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் 1950-களின் இறுதிவாக்கில் நன்னீருக்குள் ஏறி அமெரிக்கப் பேரேரிகளில் குடியேறியது. மற்றது உப்புநீரிலேயே நின்றுவிட்டது. ஏறிய அந்த வழிக்கு 2011-இல் யூரிடெமோரா கரோலீயே என்று தனிப்பெயரே வைத்தார்கள். இந்த இரண்டையும் ஒரே இனமென்று கூட்டிச் சராசரி எடுத்திருந்தால், எது நன்னீரைத் தாங்கும், எது தாங்காது என்ற கேள்வியே எழுந்திருக்காது.

எனவே பன்மையை அளப்பதற்கு முன், வலையில் எத்தனை கால்வழிகள் விழுந்தன என்பதைப் பார்க்க வேண்டும். அது மாதிரி எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

நீரில் மிதப்பவற்றுக்கு வரைபடப் புள்ளி போதாது. ஏற்றத்திலும் வற்றத்திலும் அதே புள்ளியைக் கடப்பது வெவ்வேறு நீர். நீரோடு உயிரிகளும் நகர்கின்றன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் அகார்ஷியா டோன்சா என்ற கோப்பிபாடின் மறைவான கால்வழிகள் உப்புத்தன்மையை ஒட்டியே பிரிந்து வாழ்வது தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரே புள்ளியில் மூன்று முறை வலை இழுப்பதைவிட உப்புத்தன்மை (ஆயிரத்தில் எத்தனை பங்கு) 2, 8, 15, 25 என்று தேடிப்போய் இழுப்பது பயன் தரும். ஒவ்வொரு இழுப்புக்கும் உப்புத்தன்மை, வெப்பநிலை, ஓத நிலை, நேரம் நான்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ஆம்ஃபிபாடு (பக்கவாட்டில் தட்டையான சிறு ஓட்டுடலி) போன்று அடியில் வாழ்பவற்றுக்கு இது தலைகீழ். அவற்றுக்கு நீந்தித் திரியும் இளம்பருவம் கிடையாது. தாயின் அடைகாக்கும் பையிலிருந்து சின்ன ஆம்ஃபிபாடாகவே வெளியே வரும். அங்கே புள்ளிதான் முக்கியம். சில கிலோமீட்டர் இடைவெளிகூட வேறுபாட்டைக் காட்டலாம்.

எத்தனை உயிரிகள் வேண்டும்? "இடத்துக்கு 20" என்பது பழக்கத்தில் வந்த எண். ஒரு கால்வழி அங்கே 5% இருந்தால், 20 உயிரிகளில் ஒன்றுகூடச் சிக்காமல் போக 36% வாய்ப்பு உண்டு. 30 எடுத்தாலும் 21%. அதை 5%-க்குக் கீழே இறக்க 59 உயிரிகள் வேண்டும். அத்தனைக்கும் முழு வரிசை படிக்கப் பணம் இல்லையென்றால், அறுபதையும் மலிவான வெட்டுநொதிச் சோதனையில் (டிஎன்ஏவைக் குறிப்பிட்ட எழுத்துத்தொடரில் வெட்டும் நொதியைக் கொண்டு செய்வது) கால்வழி பிரித்துவிட்டு, ஒவ்வொரு கால்வழியிலிருந்தும் போதுமான அளவு மட்டும் படிக்கலாம்.

பாதுகாப்பதில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. வலையிலிருந்து எடுத்த கூழில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு பங்கு கூழில் ஒரு பங்கு 95% எத்தனாலை ஊற்றினால் கிடைப்பது 50%-க்கும் குறைவான கரைசல். அதில் டிஎன்ஏ சிதைந்துகொண்டே இருக்கும். சல்லடையில் நீரை நன்றாக வடித்து, நான்கு பங்குக்குக் குறையாமல் எத்தனால் ஊற்றி, 24 மணி நேரத்தில் ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பிறகு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துவிடும். உருவ ஆய்வுக்கு வேண்டுமானால் தனிக் குப்பியில் மட்டும்.

அடுத்தது நுண்ணோக்கிக்குக் கீழே. இங்கே அவசரம் வேண்டாம். யூரிடெமோரா பெண்ணின் வயிற்றுக்கடியில் ஒற்றை முட்டைப்பை தொங்கும். சில நேரம் அதன் அருகே ஆண் ஒட்டிவிட்டுப் போன விந்துப் பொதி மெல்லிய குழல்போலத் தெரியும். சிஓ1 மட்டும் பார்ப்பதானால் முட்டைப்பையால் பெரிய கேடில்லை, முட்டையில் இருப்பதும் தாயின் மைட்டோகாண்ட்ரியாதான். ஆனால் உட்கரு மரபணுக்களைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் முட்டைப்பை, விந்துப் பொதி இரண்டையும் இன்சுலின் ஊசிமுனையால் எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் ஒரே உயிரியில் மூன்று நான்கு மாற்றுருக்கள் (ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள்) வந்து நிற்கும். ஐந்தாம் காலைப் பிரித்து கிளிசரினில் வைத்துவிடுங்கள். இனத்தை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். உடல் கரைந்த பிறகு திரும்பிப் பார்க்க வேறெதுவும் மிஞ்சாது.

ஒற்றைக் கோப்பிபாடுக்கு விலையுயர்ந்த கிட் தேவையில்லை. முதலில் அரைமணி நேரம் தூய நீரில் ஊறவைத்து எத்தனாலை வெளியேற்றுங்கள். எத்தனால் மிச்சம் இருந்தால் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் வினை) படுத்துவிடும். பிறகு 25 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் 0.2 மில்லிமோலார் இடிடிஏவும் கலந்த கரைசல் 25 மைக்ரோலிட்டரில் உயிரியைப் போட்டு, 95 டிகிரியில் 30 நிமிடம். குளிரவைத்து, அதே அளவு 40 மில்லிமோலார் டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு சேர்த்து நடுநிலையாக்குங்கள். பிசிஆருக்கு 2 மைக்ரோலிட்டர் போதும். ஜெல்லில் டிஎன்ஏ பட்டை வரவில்லை என்று அளவைக் கூட்டினால் தடுப்புப் பொருள்களும் கூடும். பத்து மடங்கு நீர்த்துப் பார்ப்பதே சரியான வழி. உயிரியே போடாத ஒரு குழாயை முதல் படியிலிருந்து கடைசிவரை கூடவே கொண்டுபோக மறக்காதீர்கள்.

1994-இல் வெளிவந்த ஃபோல்மர் பிரைமர்களைத்தான் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பலரும் பயன்படுத்துகிறார்கள். கோப்பிபாடுகளில் அவை அடிக்கடி தோற்கும். வேலை செய்யாத குழாய்களை "டிஎன்ஏ கெட்டுவிட்டது" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். நான் இதைக் கடுமையாகவே எதிர்ப்பேன். பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓரிரு எழுத்துகள் மாறிப்போன கால்வழி முழுவதும் சேர்ந்து தோற்கலாம். நீங்கள் எறிவது கெட்ட மாதிரிகளை அல்ல, ஒரு கால்வழியையே. தோற்றவற்றில் 16எஸ் அல்லது 18எஸ் மரபணுவை ஓட்டிப் பாருங்கள். அது வேலை செய்தால் டிஎன்ஏ நன்றாகவே இருக்கிறது, குறை பிரைமரில்தான். வந்த வரிசைகளைக் கொண்டு அந்தக் கூட்டத்துக்கென்றே புதிய பிரைமர் செய்துகொள்ளலாம்.

வரிசை கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, புரதமாக மொழிபெயர்த்துப் பார்ப்பது. முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியாக் குறியீட்டை, அதாவது ஐந்தாம் எண் அட்டவணையை, தேர்ந்தெடுங்கள். வழக்கமான அட்டவணையில் நிறுத்தக் குறியான ஒரு மூன்றெழுத்துத் தொடர் இங்கே டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். அட்டவணை தவறினால் நல்ல வரிசையும் உடைந்ததாகத் தெரியும். சரியான அட்டவணையிலும் நடுவே நிறுத்தம் வந்தால், அல்லது மூன்றின் மடங்கில் அடங்காத இடைவெளி வந்தால், அது உட்கருவுக்குள் குடிபெயர்ந்த பழைய மைட்டோகாண்ட்ரியாத் துண்டாக இருக்கக்கூடும். ஓட்டுடலிகளில் இவை சகஜம். வரிசை வரைபடத்தின் ஒரே இடத்தில் இரட்டை முகடுகள் திரும்பத் திரும்ப வந்தாலும் சந்தேகப்படுங்கள். இவற்றை வடிகட்டாமல் விட்டால் இல்லாத இனங்கள் பட்டியலில் பெருகும்.

இதன்பிறகுதான் எண்கள். ஹாப்லோடைப் (வேறுபட்ட வரிசை வகை) பன்மை அதிகமாகவும் நியூக்ளியோடைடு பன்மை (வரிசைகளுக்கிடையே சராசரி எழுத்து வேறுபாடு) குறைவாகவும் இருந்தால், அதாவது நடுவில் ஒரு பெரிய ஹாப்லோடைப், சுற்றிலும் ஓரெழுத்துத் தள்ளி நிறையச் சிறியவை என்றால், அந்தக் கூட்டம் அண்மையில் பெருகியிருக்கலாம். தஜிமாவின் டி என்ற புள்ளியியல் அளவு எதிர்மறையாக வருவதும் இதையே சொல்லும். ஆனால் ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா வகை இயற்கைத்தேர்வால் மேலேறி மற்றவற்றைத் துடைத்திருந்தாலும் படம் இதே படம்தான். இரண்டு கால்வழிகளைப் பிரிக்காமல் கூட்டிப்போட்டால் இணைவேறுபாட்டு வரைபடத்தில் (வரிசைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் போடுவது) இரண்டு திமில்கள் எழும். டி நேர்மறைக்குத் தாவும். அதைப் பார்த்துவிட்டு "கூட்டம் சுருங்கியது" என்று எழுதியவற்றைத் திரும்பக் கணித்தால், பல நேரம் சுருக்கம் எதுவும் இருக்காது.

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியைத்தான் சொல்லும் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காமரஸ் டியூபெனி என்ற உவர்நீர் ஆம்ஃபிபாடில் முட்டை வழியாகவே பரவும் நுண்வித்து ஒட்டுண்ணி ஒன்று, ஆணாக வேண்டியவற்றைப் பெண்ணாக்கிவிடுகிறது. ஒட்டுண்ணி பரவும்போது அது குடியிருக்கும் தாயின் மைட்டோகாண்ட்ரியாவும் கூடவே பரவும். கூட்டம் பெருகவே இல்லாமல் பெருகியதுபோன்ற தடம் விழும். ஆம்ஃபிபாடுகளில் பாலின விகிதம் பெண்பக்கம் சாய்ந்திருந்தால் சிஓ1 முடிவை வெளியிடுவதற்கு முன் ஒட்டுண்ணியைத் தேடுங்கள்.

வேறுபாட்டின் சதவீதத்தை வைத்து "இது தனி இனம்" என்று தீர்ப்பு சொல்வதும் ஆபத்து. யூரிடெமோராவில் மரபணுவில் நெருங்கிய கூட்டங்களுக்கு இடையேகூட இனப்பெருக்கத் தடை இருந்தது. கடலோரப் பாறைக்குழிகளில் வாழும் டைக்ரியோபஸ் கலிஃபோர்னிகஸ் என்ற கோப்பிபாடில் மறுபக்கம் தெரியும். வெகுதூரம் பிரிந்த கூட்டங்களைக் கலந்தாலும் முதல் தலைமுறை நன்றாகவே வளரும்; இரண்டாம் தலைமுறையில்தான் வளர்ச்சி மந்தமாகி, முட்டைகள் குறையும். அந்தக் கலப்பினங்களைத் தாய்க் கூட்டத்தோடு திரும்பக் கலந்தால் திறன் மீள்கிறது, தந்தைக் கூட்டத்தோடு கலந்தால் மீள்வதில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் அதற்கு ஒத்துழைக்க வேண்டிய உட்கரு மரபணுக்களும் பிரிந்த ஆண்டுகளில் தனித்தனி ஜோடியாகப் பழகிவிட்டன என்பதே காரணம். ஆகவே கலப்புச் சோதனை செய்பவர்கள் முதல் தலைமுறையோடு நிறுத்தக்கூடாது.

அகார்ஷியா போன்றவை சேற்றில் உறங்கும் முட்டைகளை விட்டுச்செல்கின்றன. பல பத்தாண்டுகள் கழித்தும் அவற்றில் சில பொரிக்கும். மேல்நீரில் இன்று காணாமல்போன ஹாப்லோடைப் சேற்றுக்குள் இருக்கலாம். வலை மாதிரியோடு அதே இடத்துச் சேற்றையும் குழாயால் குத்தி எடுத்து, 2 சென்டிமீட்டர் அடுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் இருட்டிலும் குளிரிலும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் போட்டுவிடாதீர்கள், முட்டை பொரிக்க வேண்டும்.