வெள்ளையா, ஊதாவா?

எருக்கை விதை போட்டு வளர்ப்பவள் தண்டையார்பேட்டையில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் கேட்பாரற்று ஆள் உயரத்துக்கு நிற்கிற செடி அது. மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் நாற்று கேட்டதற்கு, கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதைப் பிடுங்கத்தானம்மா நாங்கள் ஆளுக்குக் கூலி கொடுக்கிறோம்" என்றார்.

எனக்கு வேண்டியது வெந்தய வரியன். அந்த ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி எத்தனையோ பூக்களில் தேன் குடிக்கும். முட்டையிடுவதற்கு மட்டும் எருக்கும் அதன் உறவுக்காரச் செடிகளும்தான் வேண்டும்.

சென்ற கோடையில், வெடிக்கத் தொடங்கிய காய்கள் சிலவற்றைப் பறித்து வந்தேன். காய் முழுதாகத் திறக்கும் முன்பே பஞ்சின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் விதைகளை வழித்துவிட வேண்டும். பழுப்பாக, தட்டையாக, மீன் செதிலைப் போல அடுக்கியிருக்கும். பாதி வேலையில், போயிருந்த கரண்ட் வந்தது, மின்விசிறி சுழன்றது. அந்தப் பஞ்சு நடத்திய திக்விஜயத்தில் அத்தை அரைத்து வைத்திருந்த இட்லி மாவும் வீழ்ந்தது. "பூஜை அறையில் அம்மனுக்கே தாடி முளைத்திருக்கிறது, வந்து பார்" என்று அத்தை கூப்பிட்டார்.

பழைய பெயிண்ட் வாளிகளின் அடியில் துளையிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து, மேலாக விதைத்தேன். ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிறகு இடம் மாற்றினால் செடி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் என்பதால் முதலிலேயே பெரிய வாளி. விதையை ஈரத்தில் சுற்றிச் சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து நாத்தனார் சொன்னார். அது பனி கொட்டும் ஊர்ச் செடிகளுக்கான மரியாதை. நம் எருக்கு ஈரம் கண்டதும் முளைத்துவிட்டது.

துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா வாளிகளைப் பார்த்து அப்படியே நின்றார். "எருக்கு முளைத்த வீடு விளங்குமா? நாளைக்கே பிடுங்கிப் போடு!"

"வெள்ளெருக்காக இருந்தால் என்னம்மா செய்வது?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. வெள்ளெருக்கின் வேரில் பிள்ளையார் குடியிருக்கிறார். அவரைக் காலி செய்யச் சொல்லும் துணிச்சல் எந்த வீட்டுக்காரருக்கு உண்டு? "வெள்ளையா ஊதாவா என்று எப்போது தெரியும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பூத்தால்தான் தெரியும் என்றேன். இலையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களும் உண்டு. நல்லவேளை, எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "பூத்ததா?"

பூக்கவில்லை, பூச்சி வந்தது. இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக வெள்ளை முட்டைகள் வைத்துவிட்டுப் போனது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழுக்கள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளோடு கிளம்பி, துளிரை எல்லாம் மொட்டையடித்தன. மொட்டு தள்ளிப்போகத் தள்ளிப்போக வீட்டுக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அமாவாசைச் சோற்றை வாளிகளின் அருகே வைத்து, காக்கைகளைக் கூவி அழைத்தார். அவை சோற்றை உண்டன. ஒரு காக்கை மட்டும் ஒரு புழுவைக் கொத்திப் பார்த்து, அலகை மதில்மேல் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தது. எருக்கின் நஞ்சைத் தின்று தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் புழு, யாருக்கு ருசிக்கும்?

எனக்கோ வேறு கவலை. இலை தீர்ந்துவிட்டது. கையுறையும் பையுமாகக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ரயில்வே கேட் மூடியிருந்தது. முடிவில்லாத சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டிருக்க, காத்திருந்த அத்தனை பேருக்கும் நான்தான் வேடிக்கை. "குதிகால் வலியா அக்கா?" என்றார் ஆட்டோக்காரர். "செங்கல்லைச் சூடாக்கி, மேலே இலையை வைத்து மிதியுங்கள்." புழுவுக்குச் சோறு என்று சொல்வதைவிட வலி என்று சொல்வது கௌரவம். கேட் திறப்பதற்குள் என் குதிகாலுக்கு இன்னும் சிலர் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும்போது கொஞ்சம் வலிப்பது போலவே இருந்தது.

புழுக்களில் ஒன்று வீட்டுக்கார அம்மாவின் கொடிக்கயிற்றிலேயே கூட்டுப்புழுவாகத் தொங்கியது. வெளிர்பச்சை உடம்பில் பொன் புள்ளிகள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "அசலா?" என்று கேட்டார்.

இந்த ஆண்டு ஆவணியில், பிள்ளையார் சதுர்த்திக்கு முன்தினம், மொட்டு விரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத ஊதா. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

அவர் பூவைப் பார்த்தார். மார்க்கெட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். "எருக்கம்பூ மாலைக்கு என்ன விலை சொல்கிறான் தெரியுமா? அவன் விற்பதும் இதே ஊதாதான்" என்றவர், முந்தானையை ஏந்திக்கொண்டு பறிக்க ஆரம்பித்தார். பறித்து முடித்து இறங்கும்போது படிக்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அடுத்த வருடத்துக்கு அருகம்புல்லும் ஒரு வாளி போட்டுவிடம்மா. புழு வராத பக்கமாகப் பார்த்து வை."