வெள்ளி ரூபாய்க்கு ஒரு வாழைநார்ப் பெட்டி: இதுவரை செய்து பார்த்தவை

பழைய வெள்ளி ரூபாய்களைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் அவற்றை மெல்லிய பி.வி.சி. உறைகளில்தான் போட்டு வைக்கிறோம். அந்தப் பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்காகப் படிவது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை. அதற்கு மாற்றாக, நான்கு நாணயங்கள் அடங்கும் ஒரு பெட்டியை முழுக்க முழுக்கத் தாவர நாரிலேயே செய்ய முடியுமா என்று சென்ற ஆயுத பூஜையை ஒட்டி முயலத் தொடங்கினேன். வாசல்களில் கட்டப்பட்ட வாழைமரங்கள் விழா முடிந்ததும் குப்பைத் தொட்டியருகே குவிந்துவிடும் ஊர் சென்னை, மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குள் குடியேற வேண்டியவை 11.66 கிராம் எடையும் 30.5 மி.மீ. விட்டமும் கொண்ட, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாலான விக்டோரியா காலத்து ரூபாய்கள்.

இயற்கைப் பொருள் என்றாலே சேகரிப்புக்கு நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; என் பார்வையில் அது பாதி உண்மைதான். கடைகளில் விலை உயர்ந்த பரிசுப் பொருள்களோடு வரும் சொரசொரப்பான பழுப்பு நிறப் பெட்டிகளின் அழகே அவற்றில் எஞ்சியிருக்கும் லிக்னினும் (நாருக்கு விறைப்புத் தரும் பொருள்) தாவரச் சாறும் தருவதுதான், நாணயத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாதவையும் அவையேதான். லிக்னின் மிகுந்த நாரும் மரமும் காலப்போக்கில் அமில ஆவியை வெளியிடும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் உலோகம் மட்டும்தான். இந்தக் காரணத்தால் தேங்காய் நாரை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன், ஏனெனில் அதில் லிக்னின் ஏறத்தாழ 40 சதவீதம். வாழைநாரில் அது வெகு குறைவு. வாழையின் நெருங்கிய உறவான அபாக்கா நாரைத் தேயிலைப் பைகளுக்கும் ஜப்பானிய யென் தாள்களுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்பதும் எனக்குத் தெம்பு தந்தது.

தண்டின் வெளிமட்டைகளை உரித்து, சதைப்பகுதியைக் கத்தியின் முதுகால் வழித்தெடுத்து, நாரை இரண்டு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டேன். காய்ந்த நாரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சலவை சோடா சேர்த்து, எவர்சில்வர் அண்டாவில் சில மணி நேரம் வேகவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதைத் தின்றுவிடும். வேட்டியில் பட்ட வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் அசையாது என்பதை அறிந்தவர்களுக்கு, அண்டாவில் இறங்கும் கரும்பழுப்பு நீரைப் பார்த்ததும் நாரில் எவ்வளவு கறை ஒளிந்திருந்தது என்பது விளங்கும்.

வேகவைப்பது எளிது, அலசுவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அந்த உப்பிலுள்ள குளோரைடு நாரில் தங்கிவிட்டால், ஈரப்பதம் ஏறும்போதெல்லாம் அது வெள்ளியையும் செம்பையும் தாக்கும். நாரை வெண்மையாக்க ப்ளீச்சிங் பவுடரைத் தொடாததற்கும் இதே காரணம்தான். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சிறு குப்பி சில்வர் நைட்ரேட் வாங்கி வந்து, ஒவ்வோர் அலசலின் கடைசி நீரையும் சோதித்தேன். மிச்சமிருக்கும் சோடாவும் வெள்ளியோடு சேர்ந்து கலங்கல் காட்டும் என்பதால், நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு துளியை முதலில் விட்டுவிட வேண்டும். கிணற்று நீரில் அலசிய நாரைப் பிழிந்த நீரில் ஒரு சொட்டு விழுந்ததும், சோதனைக் குழாயின் நடுவில் வெள்ளைத் திரி ஒன்று இறங்கிக் கீழே பரவி, குழாய் முழுவதும் தயிர் கரைத்தாற்போல் ஆகிவிட்டது. மாடியில் பிடித்த மழைநீரில் திரும்பத் திரும்ப அலசிய பிறகு, குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அந்தக் கலங்கல் குறைந்தது. செய்து பார்க்க நினைப்பவர்கள் கையுறை அணிந்துகொள்ளுங்கள். விரலில் பட்டால் கருப்பு போகச் சில நாள் ஆகும்.

அலசலுக்கு மழை வேண்டும், உலர்த்தலுக்கு வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை இரண்டையும் ஒன்றாகத் தருவதில்லை. நாரைக் கூழாக்கி அச்சில் வார்த்தெடுத்த, நாணயம் வைக்கும் ஈரத்தட்டு இரண்டு நாள் மொட்டை மாடி அறையில் கிடந்தால் பூஞ்சை புள்ளிவைக்கத் தொடங்குகிறது. எனவே பாதி உலர்ந்த தட்டைப் பருத்தித் துணிக்கு இடையில் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி உலர்த்துகிறேன். தட்டு கோணாமல் இருப்பதற்கும் இது உதவுகிறது.

கூழாக்குவதற்கு மிக்ஸி வசதியானதுதான் என்றாலும் அது நாரை வெட்டிக் குட்டையாக்கிவிடுகிறது. கல்லின் மேல் வைத்து மரக்கட்டையால் அடிக்கும்போது நார் அறுபடாமல் இழை இழையாகப் பிரிவதால் தட்டு உறுதியாக அமைகிறது. ஆனால் அடி கூடக் கூட, உலரும்போது சுருக்கமும் கூடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் துளையிட்டு வார்த்து, மேலே கொசுவலையைப் போர்த்திய அச்சில் நாணயக் குழியை 33 மி.மீ. அளவில் அமைத்திருக்கிறேன். அளவோடு அடித்த கூழில் குழி உலர்ந்தபின் நாணயம் விரல் நுனியால் எடுக்கும்படி அமர்கிறது; கூடுதலாக அடித்த கூழில் அது உள்ளேயே இறங்குவதில்லை. பழைய பருத்தி வேட்டியைக் கூழாக்கி மூன்றில் ஒரு பங்கு கலந்தபோது சுருக்கம் கணிசமாகக் குறைந்தது, தட்டின் முகமும் மென்மையானது.

நீண்ட காலம் நிலைக்க வேண்டிய தாளில் அமிலத்தை எதிர்கொள்ள 2 சதவீத அளவுக்குக் கால்சியம் கார்பனேட் இருப்பு வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. 9706 தரத்தின் அளவுகோல். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரில் தட்டை முக்கினால் போதும் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. ஒரு லிட்டர் நீரில் சுண்ணாம்பு சுமார் 1.7 கிராம்தான் கரையும். தட்டு தன் எடையைப்போல் இரு மடங்கு நீரை உறிஞ்சினாலும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆன பிறகு அரை சதவீதத்தைக்கூட எட்டாது. ஆகையால் நுண்தூளாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கூழிலேயே கலந்துவிடுகிறேன். நீர் வடியும்போது அதில் ஒரு பகுதி வலை வழியே போய்விடும் என்பதால் தேவைக்கு மேலாகவே போட வேண்டியிருக்கிறது. உலர்ந்த தட்டின் முகத்தைச் சோழியால் தேய்த்து மெருகேற்றினால் தூசி உதிர்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆனாலும் கண்ணாடி போல் பளபளக்கும் புரூஃப் நாணயங்களை இந்தத் தட்டில் வைக்க நான் துணிய மாட்டேன். தூளின் ஒரு துகள் போதும், கீறல் விழுந்துவிடும்.

பசை விஷயத்தில் எனக்கும் திருவல்லிக்கேணியில் புத்தகம் கட்டும் பெரியவர் ஒருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. மைதாப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். "துத்தம் போடலேன்னா ராமபாணப் பூச்சி அரிச்சிடும் சார், அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்கிறார். அவர் சொல்வது நூலுக்குச் சரி. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அமிலத்தன்மையுள்ள அந்த உப்பை நாணயத்தருகே கொண்டுவர எனக்கு மனமில்லை. பூச்சிகள் அவ்வளவாக விரும்பாத மெத்தில் செல்லுலோஸ் பசையையே ஒட்டுகளுக்குப் பயன்படுத்துகிறேன்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி நாணயத்துக்கு உண்மையிலேயே தீங்கற்றதா என்று பார்க்க, பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973ஆம் ஆண்டு வகுத்த சோதனையை வீட்டளவில் சுருக்கிச் செய்தேன். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றின் துண்டுகளையும் சோதிக்க வேண்டிய பொருளோடு சிறிது நீர் வைத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, 60 பாகை வெப்பத்தில் 28 நாள் வைப்பது அதன் முறை. அந்த வெப்பத்தை விடாமல் தர என்னிடம் கருவி இல்லாததால், குப்பிகளைக் கோடை முழுவதும் மொட்டை மாடித் தகரக் கூரையின் கீழ் வைத்தேன். அந்த இடத்தின் சூட்டைச் சென்னைவாசிகளுக்கு விளக்கத் தேவையில்லை. வேகவைக்காத நார் இருந்த குப்பியில் தூண்டில் ஈயக்குண்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, செம்புக் கம்பி மங்கிவிட்டது. மழைநீரில் அலசிய தட்டின் துண்டு இருந்த குப்பிக்கும், ஒப்பீட்டுக்காகப் பொருள் ஏதும் வைக்காமல் விட்ட குப்பிக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒரு ரப்பர் பேண்டை மட்டும் போட்டு வைத்த குப்பியில் வெள்ளிக் கொலுசுத் துண்டு கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. நாணய உறைகளை ரப்பர் பேண்டால் கட்டி வைப்பவர்கள் இன்றே அதை அவிழ்த்துவிடலாம்.

மூடி இன்னும் நிறைவாக அமையவில்லை. ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும் தடித்த அட்டையின் மேல் நார்த்தாளை ஒட்டினால் வேலை ஒரே மாலையில் முடியும். ஆனால் கழிவுத்தாளிலிருந்து வரும் அந்த அட்டைக்குள் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. நார்த்தாள்களையே அடுக்கி ஒட்டிச் செய்த மூடி, கடற்காற்று வீசும் நாள்களில் உப்பி இறுகுகிறது, குளிர்சாதன அறையில் தளர்கிறது. பருத்திக் கூழைப் பாதிக்குப் பாதியாகக் கூட்டி அடுத்த மூடியை வார்க்கப்போகிறேன். அது சரிப்பட்டால் சோழர் காலச் செப்புக் காசுகளுக்கான தட்டைத் தொடங்கலாம். குளோரைடு விஷயத்தில் செம்பு இன்னும் பொல்லாதது என்பதால், அந்தத் தட்டுக்கு அலசும் நீரோடு வேகவைக்கும் நீரும் மழைநீராகவே இருக்கும்.