மெதுவான பாட்டுக்கும் ஆடுவார்கள்

மடோனா என்று பேச்செடுத்தால் உடை, சர்ச்சை, மேடை ஆட்டம் என்றுதான் பேச்சு போகும். பாட்டுக்கு யாரும் வருவதில்லை. நான் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி) வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் என் காது முதலில் தாளத்தைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட எனக்கு மடோனா என்றதும் நினைவுக்கு வருவது துள்ளல் பாட்டு எதுவும் இல்லை. 1985-இல் வெளிவந்த ‘கிரேஸி ஃபார் யூ’. ஆட்டப் பாட்டுப் பாடகி என்று முத்திரை குத்தப்பட்டிருந்த அவர், தனிப்பாடலாக வெளியிட்ட முதல் மெதுவான காதல் பாட்டு அது.

வந்த நேரத்தைப் பாருங்கள். 1984 நவம்பரில் ‘லைக் எ வர்ஜின்’ ஆல்பம் வெளியாகி, அதன் தலைப்புப் பாட்டு அமெரிக்கப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே ‘மெட்டீரியல் கேர்ள்’ இரண்டாம் இடம் வரை ஏறியது. கை வந்த வித்தை ஆட்டப் பாட்டு, விற்பதும் அதுதான். அந்தச் சூட்டில், ‘விஷன் க்வெஸ்ட்’ என்ற படத்துக்காகப் பாடிய இந்தப் பாட்டு, அவருடைய ஆல்பத்தில் இல்லாமல் படத்தின் இசைத்தட்டோடு கெஃபன் நிறுவனம் வழியாகத் தனியே வந்தது. ஆல்பப் பாட்டு ஒரு பக்கம், படப் பாட்டு ஒரு பக்கம் என்று ஒரே குரல் வானொலியில் ஒலித்தது. ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். 1985 மே 11 அன்று, ‘வி ஆர் தி வேர்ல்ட்’ பாட்டை இறக்கிவிட்டு இது முதலிடத்துக்கு வந்தது. பிரபலப் பாடகர் பட்டாளமே சேர்ந்து பாடிய பாட்டைத் தனி ஆளாக நின்று இறக்கியதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. ஒரே வாரம்தான் இருந்தது, இருந்தால் என்ன?

பாட்டை உருவாக்கியவர்களின் வரலாறு இன்னும் சுவையானது. எழுதியவர்கள் ஜான் பெட்டிஸ், ஜான் லிண்ட் என்ற இருவர். பெட்டிஸ், கார்ப்பென்டர்ஸ் குழுவுக்கு ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’, ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ பாடல்களை ரிச்சர்ட் கார்ப்பென்டரோடு சேர்ந்து எழுதியவர். மென்மையில் ஊறிய கை. லிண்ட், எர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ‘பூகி வொண்டர்லேண்ட்’ பாட்டை எழுதியவர்களில் ஒருவர். அதைக் கேட்டுக் கால் ஆடாதவனை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தயாரித்தவர் ஜான் ‘ஜெல்லிபீன்’ பெனிடெஸ். நியூயார்க்கின் ஃபன்ஹவுஸ் கிளப்பில் இசைத்தட்டுச் சுழற்றிப் பெயர் வாங்கியவர், 1983-இல் மடோனாவின் ‘ஹாலிடே’ பாட்டைத் தயாரித்தவர். விடிய விடிய ஆட வைப்பதுதான் அவர் தொழில். அவரிடம் காதல் பாட்டைக் கொடுத்தது துணிச்சல்தான்.

இந்தச் சேர்க்கையைப் பார்த்த பிறகுதான் பாட்டின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. பாட்டு தொடங்கும் இடமே ஆட்டக்கூடம். இசை ஆரம்பிக்கிறது, இருட்டில் முகம் தெரியாதவர்கள் சேர்ந்து அசைகிறார்கள், இருவர் இருவராக நெருங்குகிறார்கள். படத்திலும் ஒரு மதுக்கூடத்தில் பாடும் பாடகியாகவே அவர் வருகிறார். ஆக, காதல் பாட்டுக்காக மடோனா ஆட்டக்களத்தை விட்டு வெளியேறவே இல்லை. அமெரிக்கப் பள்ளிகளில் ஆட்ட விழா நடக்கும்போது, நடுவில் வேகத்தைக் குறைத்து ஜோடிகளைக் கட்டிப்பிடித்து அசைய விடும் பாட்டுகள் உண்டு. இது அந்த ரகம். நாம் ‘மெலடி’ என்று ஒதுக்கி, கண்ணை மூடிக் கேட்க உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் இதற்கும் எழுந்து நிற்கிறார்கள்.

ஹெட்போன் மாட்டிக் கேட்டால் இது இன்னும் தெளிவாகிறது. ஹார்ப் தந்திகளும் சின்தசைசரும் மெத்தை விரித்தாலும், சுள்ளென்று அடி விழும் ஸ்னேர் டிரம் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. ஒவ்வொரு அடியும் பெரிய கூடத்தில் விழுந்ததுபோல் கார்வையோடு நீள்கிறது. எண்பதுகளின் பழக்கம் அது. சில பாட்டுகளில் எரிச்சலூட்டும், இங்கே பொருந்துகிறது. அதன்மேல் மடோனா பாடும் விதத்தைக் கவனியுங்கள். சரணத்தில் கீழ் ஸ்தாயியில், கிட்டத்தட்டப் பேசுகிற அளவில், சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாடுகிறார். ஒவ்வொரு துண்டும் அடிக்குச் சரியாக வந்து அமர்கிறது. பல்லவிக்கு வந்து தலைப்பின் கடைசிச் சொல்லைப் பிடித்து நிறுத்தும்போது மட்டும் குரலைத் திறந்துவிடுகிறார். கமகம், சங்கதி என்று எந்த வித்தையும் கிடையாது. அவரிடம் அன்று அது இருக்கவும் இல்லை. விட்னி ஹூஸ்டன் குரலோடு ஒப்பிட்டால் இது எளிய குரல்தான். ஆனால் எங்கே நிற்க வேண்டும், எங்கே அடுத்த அடி வைக்க வேண்டும் என்பது நடனக்காரிக்குத் தெரியும். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் நடனப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1978-இல் நியூயார்க் வந்தவர், பாடகியாவதற்கு முன் ‘பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். இதைப் படித்த அன்று நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன் என்பதை மறைப்பானேன், எங்கள் ஜாதி!

பிறகும் மெதுவான பாட்டுகள் வந்தன. 1986-இல் ‘லிவ் டு டெல்’. 1994 கடைசியில், பாடகரும் இசைத் தயாரிப்பாளருமான பேபிஃபேஸோடு சேர்ந்து செய்த ‘டேக் எ பௌ’. அது அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம், பிரிட்டனில் 16-ஐத் தாண்டவில்லை. வயலின் வரிசையும் குரலும் அதில் இன்னும் பக்குவம். என் நண்பர் அதைத்தான் உச்சம் என்பார். எனக்கு அது திரை விழுந்த பிறகு பாடும் பாட்டு. நாற்காலியில் சாய்ந்து கேட்கலாம், எழுந்து நிற்கத் தோன்றாது.

அடுத்த மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மணமக்கள் மேடையேறும்போது ‘கிரேஸி ஃபார் யூ’ வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது எங்கள் குழுவில் பேட் வாசிக்கும் தம்பி நல்ல திறமைசாலி. காலி இடம் கண்டால் போதும், அடிகளை அடுக்கி ஒரு ரோல் உருட்டிவிடுவான். ஒத்திகையில் பல்லவிக்குள் நுழையும் முன் உருட்டினான். “தம்பி, அந்த இடத்தில் அந்தம்மா மூச்சு எடுக்கிறார். ஸ்னேரை மட்டும் வை, கையைக் கட்டிக்கொள்” என்றேன். “சும்மா நின்றால் எனக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பார்களே அண்ணே?” என்கிறான்.